உத்தனப்பள்ளியில் ஒரு கடல் படம்

அலைச்சறுக்கு ஆவணப்படத்தைக் கடலே இல்லாத உத்தனப்பள்ளியில் போட்டால் யார் வருவார்கள் என்று கேட்பவர்களுக்கு 'தி எண்ட்லெஸ் சம்மர்' கதையைச் சொல்ல வேண்டும். புரூஸ் பிரவுன் 16 எம்.எம். கேமராவில் சொந்தப் பொறுப்பில் எடுத்த படம். கடலோரம் தாண்டினால் ஓடாது என்று விநியோகஸ்தர்கள் கைவிரித்தார்கள். மனிதர் விடவில்லை, அமெரிக்காவின் நட்டநடுவே, கடல் எட்டாத விச்சிட்டாவில், குளிர்காலத்தில் திரையிட்டார். அரங்கு நிறைந்தது. 1966இல் படம் நாடெங்கும் வெளியானது.

நம்மிடம் கதைக்கா பஞ்சம்? சென்னைக்குத் தெற்கே கோவளத்தில் மீனவர் மூர்த்தி மேகவன் 2012இல் அலைச்சறுக்குப் பள்ளி தொடங்கினார். குடி, புகை இரண்டுக்கும் அங்கே தடை. 2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் நடந்த ஆசியப் போட்டியில் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்றார். (அவர் பழகியது கேரளக் கோவளத்தில், குழம்ப வேண்டாம்.) ஆனால் கைப்பேசியில் வருவதெல்லாம் ரிசார்ட் விளம்பரம் மாதிரியான துணுக்குகள். ட்ரோன் பறக்கும், இசை அதிரும், முடிந்தது. எனக்கு வேண்டியது வேறு: கால் வழுக்காமலிருக்கப் பலகையில் மெழுகு தேய்க்கும் கை, கணுக்காலில் கயிற்றைக் கட்டிக்கொண்டு நல்ல அலைக்காக மிதந்தபடி சும்மா காத்திருக்கும் பொடியன், "படிப்ப விட்டுட்டு இது என்னடா?" என்று கரையில் திட்டும் அம்மா.

உத்தனப்பள்ளியில், ராயக்கோட்டை சாலையில் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும் பையன்களுக்கு அந்த அம்மாவைத் தெரியும். ஒரு கல்யாண மண்டபமும் புரொஜெக்டரும் போதும். காட்சியை மட்டும் ஞாயிற்றுக்கிழமை வையுங்கள். மற்ற நாளில் ஓவர்டைம் இருக்கும்.