ஸ்லைடரின் படி எவ்வளவு?

1976-ல் 'நேச்சர்' இதழில் சூழலியல் அறிஞர் ராபர்ட் மே எழுதிய கட்டுரையின் கடைசிப் பகுதியில் ஒரு வேண்டுகோள் இருக்கிறது. ஒரு குறிப்பிட்ட சமன்பாட்டை மாணவர்களுக்குச் சீக்கிரமே காட்டிவிடுங்கள். கால்குலேட்டரிலோ கையாலோ அவர்களே போட்டுப் பார்க்கட்டும் என்கிறார் அவர்.

பூச்சிகளின் எண்ணிக்கை ஆண்டுக்காண்டு எப்படி மாறும் என்று சொல்லும் எளிய சமன்பாடு அது. இடம் தாங்கக்கூடிய உச்சத்தில் இந்த ஆண்டு எத்தனை பங்கு நிரம்பியிருக்கிறது, எத்தனை பங்கு காலி என்று பார்த்து, இரண்டையும் பெருக்கி, வளர்ச்சி விகிதத்தாலும் பெருக்கினால் அடுத்த ஆண்டுக் கணக்கு வந்துவிடும். விகிதம் 2.8 என்றால் எண்ணிக்கை கொஞ்சம் ஆடிவிட்டு 0.64 அருகே நிலைகொள்ளும். 3.2 என்றால் ஓராண்டு 0.51, மறு ஆண்டு 0.80 என்று மாறிமாறி வரும். 3.5-ல் நான்கு எண்களின் சுற்று. 3.57-ஐத் தாண்டினால் பெரும்பாலும் குழப்பம்.

பைத்தான் தெரிந்த மாணவருக்கு இன்று கால்குலேட்டர்கூட வேண்டாம். ஜூபிட்டர் நோட்புக்கில் வரைபடம் போடும் ஃபங்ஷன் ஒன்றை எழுதி, ஐபிவிட்ஜெட்ஸ் நூலகத்தின் 'இன்டராக்ட்'டிடம் ஒப்படைத்தால் படத்தின் தலைமேல் ஸ்லைடர் முளைத்துவிடும். இழுக்க இழுக்கக் கோடு இரண்டாகி, நான்காகி, கலைந்துபோவதைக் கண்ணால் பார்க்கலாம். கரும்பலகையால் ஆகாத காரியம் இது.

ஆனால் விகிதத்தின் வரம்பை 2.5 முதல் 4.0 வரை என்று மட்டும் கொடுத்தால், ஸ்லைடர் தானாகவே 0.1 படியில்தான் நகரும். 3.8-லும் குழப்பம், 3.9-லும் குழப்பம். 'இதற்குமேல் எல்லாம் இப்படித்தான்' என்று மாணவர் மூடிவைத்துவிடுவார். நடுவில் 3.83-ல் மூன்றே எண்கள் திரும்பத் திரும்ப வரும் அழகான சுற்று இருப்பது தெரியாமலே போய்விடும். படியை 0.01 ஆக்கினால்தான் அது சிக்கும்.

அச்சும் ஏமாற்றும். சைன் வளைவின் உயரத்தை ஸ்லைடரால் இரட்டிப்பாக்கினால், வரைபட நூலகமான மேட்பிளாட்லிப் செங்குத்து அச்சையும் தானே நீட்டிக்கொள்ளும். வளைவு இருந்த இடத்திலேயே இருக்கும். ஓரத்து எண்கள் மட்டும் மாறும். யார் கவனிக்கப் போகிறார்கள்? அச்சைப் பூட்டிவைக்க ஒரு வரி நிரல் போதும்.

ஆகவே ஆசிரியரே ஸ்லைடரைச் செய்துகொடுத்து, 'நகர்த்திப் பாருங்கள்' என்று விட்டுவிடுவது பாதி வேலைதான். வரம்பு எது, படி எவ்வளவு, அச்சு அசையலாமா என்பதை மாணவர் தீர்மானிக்கட்டும். ஏன் என்று இரண்டு வரி எழுதட்டும். இழுப்பதற்கு முன்பே என்ன நடக்கும் என்று ஊகித்து எழுதச் சொல்வது இன்னும் நல்லது. மதிப்பெண்ணை அந்த வரிகளுக்குக் கொடுக்கலாம். ஒன்று மட்டும் கவனம்: பயிற்சியை பிடிஎஃப் ஆக வாங்கினால் ஸ்லைடரை இழுக்க முடியாது. நோட்புக் கோப்பாகவே வாங்கி, நிரலை ஓடவிட்டு, ஆசிரியரும் ஒருமுறை இழுத்துப் பார்க்க வேண்டும்.