நீலத் தண்ணீரை நம்பாதீர்!

கோடை வந்தால் போதும். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் அடுக்குமாடி வீடுகளின் நீச்சல் குளங்களில் பிள்ளைகள் கும்மாளம்தான். மாலை 4 மணிக்குக் குதித்தால் இருட்டினாலும் கரை ஏறுவதில்லை. வீட்டுக்கு வந்ததும், "அம்மா, கண்ணு எரியுது" என்று அழுகை.

"மருந்தை ஜாஸ்தியா கொட்டிட்டான்" என்று குளம் பார்க்கிற ஆளுக்குத் திட்டு விழுகிறது. அவர் மறுநாள் மருந்தைக் குறைக்கிறார். எரிச்சல் இன்னும் கூடுகிறது!

கோளாறு இங்கேதான். கண் எரிவதும், மூக்கைத் துளைக்கும் நெடியும் பெரும்பாலும் குளோரின் கூடியதால் வருவதல்ல, குறைந்ததால் வருவது. வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்த குளோரின், குளோரமின் என்ற வேறு சரக்காக மாறிவிடுகிறது. நெடி அதனுடையது. கிருமியைக் கொல்ல வேண்டிய குளோரின் அப்போது தீர்ந்து போயிருக்கும். சரியாகப் பராமரிக்கும் குளத்தில் நெடி மூக்கில் ஏறாது.

3 பிள்ளைகள் பலி

இது வெறும் கண் எரிச்சல் சமாச்சாரம் அல்ல. 2024 மே முதல் ஜூலைக்குள் கேரளாவில் மூன்று பிள்ளைகள் மூளையைத் தின்னும் அமீபாவுக்குப் பலியானார்கள். குளிக்கும் தண்ணீரிலிருந்து மூக்கு வழியாக மூளைக்குப் போகும் கிருமி அது. அதே ஜூலையில் தமிழகப் பொது சுகாதாரத் துறையும், நீச்சல் குளங்களில் குளோரினைச் சரியாகப் போடும்படி எச்சரிக்கை விட்டது.

அபூர்வமான நோய்தான். பீதி வேண்டாம். ஆனால் வயிற்றுப்போக்கு, காது வலி, தோல் அரிப்பு எல்லாம் அபூர்வம் இல்லையே! சரியான அளவு குளோரின் இருந்தால் இவற்றில் பெரும்பாலானவை அண்டாது.

சரியான அளவு எது? லிட்டருக்கு 1 மில்லிகிராமாவது குளோரின் இருக்க வேண்டும். வெயில் காப்பு மருந்து கலந்த குளமானால் 2 மில்லிகிராம். தண்ணீரின் பி.எச். அளவு 7.2 முதல் 7.8 வரை. பி.எச். 7.5 இருக்கும்போது குளோரினில் சுமார் பாதிதான் முழு வீரியத்தோடு வேலை செய்யும். 8 ஆகிவிட்டால் சுமார் கால் பங்கு! மருந்து போட்டும் பலன் இல்லை என்பது இப்படித்தான்.

எட்டு லாரித் தண்ணீர்

எந்த மருந்து போடுகிறார்கள் என்பது அடுத்த கேள்வி. புறநகரில் பல குளங்களில் நிரப்புவது போர் தண்ணீர். அதில் ஏற்கெனவே சுண்ணாம்புச் சத்து உண்டு. அதிலே பிளீச்சிங் பவுடரைக் கொட்டினால் சுண்ணாம்பு மேலும் ஏறும். தண்ணீர் கலங்கும், டைல்ஸில் வெள்ளை படியும், பில்டர் அடைக்கும்.

சரி, மாத்திரை போடலாமே? அதில் வேறு வில்லங்கம். குளோரின் மாத்திரையோடு சயனூரிக் அமிலமும் வருகிறது. வெயிலில் குளோரின் பறந்து போகாமல் காப்பது அதுதான். கொஞ்சம் இருந்தால் நல்லது. ஆனால் குளோரின் செலவாகிவிடும். இந்த அமிலம் செலவாகாது. தினமும் லிட்டருக்கு 2 மில்லிகிராம் குளோரின் போட்டால், மாதத்தில் சுமார் 36 மில்லிகிராம் அமிலம் சேரும். மூன்றே மாதத்தில், உலக சுகாதார நிறுவனம் சொல்லும் 100 மில்லிகிராம் எல்லை தாண்டிவிடும். அப்புறம் எவ்வளவு குளோரின் போட்டாலும் அதன் கையைக் கட்டிப் போட்ட மாதிரிதான்.

அதைக் குறைக்கத் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். ஒரு லட்சம் லிட்டர் குளத்தை மாற்றினால் 12 ஆயிரம் லிட்டர் லாரி எட்டுக்கு மேல் வேண்டும். 2019-ல் செம்பரம்பாக்கம் ஏரியே வறண்டதைப் பார்த்த ஊர் இது. குடத்தோடு வரிசையில் நின்றவர்கள் இதை மறந்திருக்க மாட்டார்கள்.

எனவே திரவ குளோரினுக்கு மாறுவதே நல்லது. ஹைப்போ என்று கடையில் கேட்டால் கிடைக்கும். இதில் சுண்ணாம்பும் ஏறாது, சயனூரிக் அமிலமும் ஏறாது. மிஞ்சுவது சாதாரண உப்பு. கணக்கும் சுலபம்: 10 சதவீத ஹைப்போ ஒரு லிட்டர் ஊற்றினால், ஒரு லட்சம் லிட்டர் குளத்தில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் குளோரின் கூடும்.

ஆனால் இதற்கும் ஒரு பலவீனம் உண்டு. வெயிலில் வைத்த கேன் சில வாரங்களிலேயே பெரும் வீரியத்தை இழந்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி நிழலில் வைக்க வேண்டும். பொழுது சாய்ந்த பிறகு, பம்ப் ஓடும்போது ஊற்ற வேண்டும். திறந்தவெளிக் குளமானால் சயனூரிக் அமிலம் லிட்டருக்கு 30 மில்லிகிராம் அளவுக்கு இருந்தால் போதும்.

உயிரோடு விளையாட்டு

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு ஆபத்து இருக்கிறது. பி.எச். ஏறினால் இறக்குவதற்கு ஆசிட் ஊற்றுகிறார்கள். அந்த ஆசிட்டும் ஹைப்போவும் ஒரே பக்கெட்டில் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். 1915 ஏப்ரல் 22-ல் பெல்ஜியத்தின் ஈப்ர் நகரருகே ஜெர்மன் படை எதிரிகள் மேல் ஏவிய அதே விஷ வாயு!

இரண்டு கேனையும் ஒரே மூலையில் அடுக்கி வைத்து, கையுறைகூடக் கொடுக்காமல் ஒரு ஏழைத் தொழிலாளியை இறக்கிவிடுவது எந்த ஊர் நியாயம்? பிள்ளைகளின் கண்ணைப் பற்றிக் கவலைப்படும் சங்கத்தார், அந்தத் தொழிலாளியின் நுரையீரலைப் பற்றியும் கவலைப்பட வேண்டாமா?

தனித்தனி அறை, தனித்தனி பக்கெட், கையுறை, கண்ணாடி. இவை சலுகை அல்ல, அவசியம்.

அம்பத்தூர் 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. ஆவடி 2019-ல் தனி மாநகராட்சி ஆனது. பதவியும் பலகையும் மாறின. குளத்துக்கரையில் ஒரு பலகை வைக்க மட்டும் ஏன் தயக்கம்? இன்றைய குளோரின் இவ்வளவு, பி.எச். இவ்வளவு, பார்த்த நேரம் இது என்று காலையும் மாலையும் எழுதட்டும். சோதனைப் பெட்டிக்கு ஆவது சில நூறு ரூபாய். பூந்தமல்லி வரை சுகாதார ஆய்வாளர்கள் திடீர் சோதனை போட்டு, அந்த எண் நிஜமா என்று பார்க்கட்டும். எண் தப்பினால் அன்றைக்குக் குளத்துக்குப் பூட்டு!

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. தண்ணீரின் நிறத்தைப் பார்த்துப் பிள்ளையை இறக்காதீர்கள். பலகையைப் பார்த்து இறக்குங்கள். பலகை இல்லையா? "எங்கே?" என்று கேளுங்கள். நாலு பேர் கேட்டால் நாளைக்கே பலகை வரும்!