காத்து பம்பைக் கழட்டிக் கடாசும் கனவான்களுக்கு

ரொம்ப நாளா உள்ளுக்குள்ள புகைஞ்சுக்கிட்டு இருந்த விஷயம் மக்களே. இன்னிக்கு எழுதித் தீர்த்துடறேன்.

பழைய வண்டி வெச்சிருக்கற நம்மாளுங்க மத்தியில ஒரு வேதவாக்கு உலாவுது. "ஏர் பம்பா? அது அமெரிக்காக்காரன் சட்டத்துக்காக மாட்டினது சார். பவரைத் திங்கும். கழட்டிக் கடாசிட்டு, ஓட்டையில போல்ட்டைப் போட்டு அடைச்சிடுங்க." இதே வேதம் பைக்குப் பக்கம் வந்தா, "அந்த ட்யூபை அடைச்சுப் பாரு மச்சி, பிக்கப் பிச்சுக்கும்"னு மாறும்.

சொல்றவங்க யாருன்னு பாருங்க. ஒரிஜினல் ஹாரன் பட்டனுக்காக ஊர் ஊரா அலையறவங்க. பம்பர் குரோமைக் குழந்தை கன்னம் மாதிரி துடைக்கறவங்க. ஆனா கம்பெனியில மாட்டி அனுப்பின ஒரு முழு பம்பு பழைய இரும்புக் கடைக்குப் போகும். கேட்டா பாரம்பரியத்தைப் பாதுகாக்கறாங்களாம். நல்லா இருக்குங்க உங்க பாதுகாப்பு.

நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணுதான். பம்பு கெட்டுப்போச்சுன்னா வேற பம்பு மாட்டுங்க. அதைத் தூக்கி எறிஞ்சுட்டு கிளாசிக் கார் பத்தி எங்களுக்குப் பாடம் எடுக்காதீங்க.

அது என்னதான் பண்ணுது?

இன்ஜினுக்குள்ள போற பெட்ரோல் முழுசா எரியறதில்ல. மிச்சம் ஹைட்ரோகார்பனாவும் கார்பன் மோனாக்சைடாவும் வெளிய வருது. எக்ஸாஸ்ட் வால்வைத் தாண்டின உடனே அந்த வாயு இன்னும் நெருப்பாத்தான் இருக்கும். எரியறதுக்கு அங்க குறையறது ஆக்சிஜன் மட்டும்தான். பெல்ட்டுல சுத்தற ஒரு சின்ன பம்பு சுத்தமான காத்தை அந்த இடத்துலயே ஊதும். மிச்சம் மீதி அங்கயே எரிஞ்சு கார்பன் டை ஆக்சைடாவும் தண்ணியாவும் மாறும். நம்ம ஊர் அடுப்புல ஊதுகுழல் பண்ற வேலை, அவ்வளவுதான்.

கலிபோர்னியாவில 1966 மாடல் கார்கள்லயும், அமெரிக்கா முழுக்க 1968 மாடல்லயும் புகைக் கட்டுப்பாடு வந்தப்போ நிறைய கம்பெனிக்காரங்க பிடிச்ச வழி இதுதான்.

"அதெல்லாம் நமக்கு எதுக்கு"ன்னு நினைக்கறவங்களுக்கு ஒரு சேதி. நம்ம அம்பாசடர்ல 1959-லேருந்து ஓடின 1489 சிசி இன்ஜின், பிரிட்டிஷ் பிஎம்சி கம்பெனியோட பி-சீரிஸ் குடும்பம். எம்ஜிபின்னு ஒரு ஸ்போர்ட்ஸ் கார் இருக்கே, அதோட 1798 சிசி இன்ஜினும் அதே குடும்பம்தான். அமெரிக்காவுக்குப் போன எம்ஜிபிக்கு 1968 மாடல்லேருந்து சிலிண்டர் ஹெட் முன்னாடி காத்து பம்பு உக்காந்துடுச்சு. அண்ணன் அங்க பம்போட ஓடினான், தம்பி இங்க பம்பு இல்லாம ஓடினான். நம்ம நாட்டுல பெட்ரோல் வண்டிக்கு முறையான புகை அளவு வந்ததே 1991-லதான். இன்ஜினால முடியலங்கறது பொய். யாரும் கேக்கல, அதனால யாரும் மாட்டல.

ஏற்காட்டு மலைக்கு வாங்க

இது ஏதோ ஏட்டுச் சுரைக்காய்னு நினைச்சா ஒரு ஞாயித்துக்கிழமை எங்க ஊர்ப்பக்கம் வாங்க. சேலம் கடல் மட்டத்துலேருந்து சுமார் 280 மீட்டர். ஏற்காடு சுமார் 1500 மீட்டர். நடுவுல 20 கொண்டை ஊசி வளைவு. மேல போகப் போக காத்து மெலிசாகும். உச்சிக்குப் போறப்போ சேலத்துக் காத்தோட அடர்த்தியில கிட்டத்தட்ட ஒன்பதுல ஒரு பங்கு காணாமப் போயிருக்கும்.

கம்ப்யூட்டர் வெச்ச வண்டி அதைப் புரிஞ்சுக்கிட்டு பெட்ரோலைக் குறைக்கும். பழைய கார்புரேட்டருக்கு என்ன தெரியும்? காத்து குறைஞ்ச அளவுக்கு அது பெட்ரோலைக் குறைக்காது. கீழ கச்சிதமா டியூன் பண்ணின வண்டி மேல ஏற ஏற பெட்ரோல் கூடிப்போய்க் கரி கக்கும். எந்த இடத்துல எரியாத பெட்ரோல் அதிகமோ, அந்த இடத்துலதான் பம்புக்கு வேலையும் அதிகம். மலையேறறதுக்கு முன்னாடி அதைக் கழட்டி வெச்சுட்டு வர்றது, மழைக்காலம் தொடங்கறப்போ ஓட்டைப் பிரிக்கற மாதிரி.

புகை சர்டிபிகேட் இருக்கேன்னு நீட்டுவாங்க. பெட்ரோல் வண்டிக்கு அந்த டெஸ்ட் ஐடிலிங்ல எடுக்கறது. அதுவும் சமவெளியில. நாலு சக்கரப் பழைய பெட்ரோல் வண்டிக்கு கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம் வரைக்கும் பாஸ். பிஎஸ் 4 காருக்கு 0.3 சதவீதம். பத்து மடங்கு சலுகை குடுத்து பாஸ் பண்ணின காகிதத்தை வெச்சுக்கிட்டு, பதினெட்டாவது வளைவுல ரெண்டாவது கியர்ல முக்கற வண்டி சுத்தம்னு எப்படிங்க சொல்றது?

மே மாச கோடை விழா சமயத்துல அந்த வளைவுகள்ல வண்டி வரிசையா நிக்கும். பின்னாடி நிக்கற பஸ்ஸுல ஜன்னலோரம் ஒரு குழந்தை உக்காந்திருக்கும். உங்க வண்டியோட பாரம்பரியம் அதோட மூக்குக்குத்தான் போகுது.

வழக்கமான சாக்குகள்

1. "பவரைத் திங்குது." திங்கறது ரொம்ப சொற்பம். அழுத்தம் கம்மியா காத்து தள்ளற சின்ன பம்பு அது, ஏசி கம்ப்ரஸர் இல்ல. பைக்குல அந்தச் சொற்பமும் கிடையாது. அங்க பம்பே இல்ல. சைலன்சருக்குள்ள அழுத்தம் ஏறி இறங்கற துடிப்புல ஒரு ரீடு வால்வு தானாத் திறந்து காத்தை உள்ள இழுக்குது. இன்ஜின் ஒரு பைசா செலவு பண்ணல. அதை அடைச்சுட்டு "பிக்கப் கூடிடுச்சு"ன்னா, கூடினது பிக்கப் இல்ல, நம்பிக்கை.

2. "இறக்கத்துல பட்டு பட்டுன்னு வெடிக்குது." வெடிக்கும். ஆக்சிலேட்டரை விட்டுட்டு கியர்ல இறங்கறப்போ எரியாத பெட்ரோல் சைலன்சருக்குப் போகும், அங்க காத்தும் சேர்ந்தா வெடிக்கத்தான் செய்யும். அதுக்குன்னே கம்பெனிக்காரன் இன்னொரு வால்வு வெச்சிருக்கான். எம்ஜிபியில அது இன்டேக் பக்கம் கொஞ்சம் காத்தை விட்டு கலவையை மெலிசாக்கும். சில அமெரிக்க கார்கள்ல பம்புக் காத்தை வெளிய திருப்பி விடும். பைக்குல ஒரு டயாப்ரம் காத்தை நிறுத்தும். வெடிச்சா அந்த வால்வையும், அதுக்குப் போற வாக்குவம் ட்யூபையும், சைலன்சர் கேஸ்கட்டையும் பாக்கணும். தலைவலிக்குத் தலையை வெட்டற வைத்தியம் எந்தப் பட்டறையில கத்துக்கிட்டது?

3. "புகையைக் காத்து கலந்து நீர்க்க வெச்சு மீட்டரை ஏமாத்தற வேலை." இதுல மட்டும் கால்வாசி உண்மை இருக்கு. கொஞ்சம் நீர்க்கறது நிஜம். ஆனா மீதி அங்க உண்மையிலேயே எரியுது. அதனாலதான் பம்பு வேலை செய்யற வண்டியில எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு இன்னும் சூடாகும். வெறும் கலப்படம்னா சூடு எங்கிருந்து வருது? ஒண்ணு ஒத்துக்கறேன். பம்பு மைலேஜ் தராது. பிளக், பாயிண்ட், டைமிங், கலவை எல்லாம் ஒழுங்கா இல்லாத வண்டிக்கு அது பரிகாரமும் இல்ல.

4. "லாரி விடற புகையை விடவா?" பக்கத்து வீட்டுக்காரன் குப்பையைத் தெருவுல கொட்டறான்னு நாமளும் கொட்டறதா?

மாத்தறப்போ கவனிக்க

வெறும் வாயால திட்டிட்டுப் போகக்கூடாது இல்ல, அதனால இதையும் சொல்லிடறேன். பம்பு ஏன் சாகுதுன்னு பாருங்க. பம்புக்கும் எக்ஸாஸ்ட்டுக்கும் நடுவுல ஒரு செக் வால்வு இருக்கு. காத்து ஒரு பக்கம் மட்டும்தான் போகணும். அது கெட்டா சூடான புகை திரும்பி வந்து ஹோஸைக் கருக்கி, பம்புக்குள்ள இருக்கற தகடுகளைத் தீத்துடும். பழைய செக் வால்வோட புது பம்பு மாட்டினா அதுவும் சீக்கிரமே போய்ச் சேரும். அப்புறம் "பம்பே தண்டம்"னு புலம்பல் வேற.

வால்வைக் கழட்டி ஆறினதுக்கப்புறம் வாயால ஊதிப் பாருங்க. பம்புப் பக்கத்துலேருந்து ஊதினா போகணும், எக்ஸாஸ்ட் பக்கத்துலேருந்து ஊதினா போகக்கூடாது. செலவில்லாத டெஸ்ட். பெல்ட்டை இறுக்கறப்போ பம்பு உடம்புல கடப்பாரை கொடுத்து நெம்பாதீங்க, அலுமினியம் நெளிஞ்சு உள்ள உரசும். பெல்ட்டைக் கட்டை விரலால அழுத்தினா சுமார் அரை இஞ்ச் தாழ்ந்தா போதும். கீச்சுன்னு சத்தம் வருதுன்னு உள்ள எண்ணெய் ஊத்தாதீங்க.

கடைசியா, நமக்கே நல்லது

2014 நவம்பர்ல தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 15 வருசம் தாண்டின வண்டி டெல்லியில ஓடக்கூடாதுன்னு உத்தரவு போட்டுச்சு. 2018 அக்டோபர்ல உச்ச நீதிமன்றமும் டீசலுக்கு 10, பெட்ரோலுக்கு 15 வருசம்னு உறுதி பண்ணுச்சு. 2025-லயும் அந்த வாதம் ஓயல. அந்த உத்தரவு வண்டியோட வயசைத்தான் பாத்துச்சு, புகையைப் பாக்கல. அது அநியாயம்னு நானும்தான் கத்தறேன். இன்னொரு பக்கம், 2021 ஜூலையில மத்திய அரசு 50 வருசம் தாண்டின வண்டிக்கு விண்டேஜ்னு தனிப் பதிவு கொண்டு வந்துச்சு. வண்டி ஒரிஜினலா இருக்கணும்ங்கறது அதோட நிபந்தனை.

"வயசைப் பாக்காதே, புகையைப் பாரு"ன்னு நாம வாதாடணும்னா நம்ம புகை பாக்கற மாதிரி இருக்கணும் இல்லையா? புகையைக் குறைக்கற ஒரே சாமானைக் கழட்டி எறிஞ்சுட்டு எந்த மூஞ்சியோட போய் வாதாடறது? நாளைக்கு அடிவாரத்துல ஒரு செக் போஸ்ட் போட்டு "பழைய வண்டி மேல போகக்கூடாது"ன்னு சொன்னா, அதுக்குக் காரணம் அதிகாரி மட்டும் இல்ல. ஓட்டையில போல்ட் போட்டு அடைச்ச புண்ணியவானும்தான்.

டிஸ்கி: இதைப் படிச்சுட்டு அம்பாசடர், பத்மினி வெச்சிருக்கறவங்க ஹெட்டுல ட்ரில் போட்டு பம்பு மாட்டக் கிளம்பிடாதீங்க சாமி. இல்லாததை ஒட்ட வைக்கச் சொல்லல. உங்க வேலை கார்புரேட்டர், டைமிங், வால்வு கைடு, பிஸ்டன் ரிங். கறுப்புப் புகைன்னா பெட்ரோல் அதிகம், நீலப் புகைன்னா ஆயில் எரியுது. இருக்கறவங்க இருக்கறதைக் காப்பாத்துங்க. அது போதும்.