பசை போட்டு மூடிய பொருளுக்கு யார் சொந்தக்காரர்?

இனித் தன் புதிய பொருள்கள் எதிலும் தோலைப் பயன்படுத்தப்போவதில்லை என்று 2023 செப்டம்பரில் ஆப்பிள் நிறுவனம் அறிவித்தது. சுற்றுச்சூழலுக்காக எடுத்த முடிவு என்று காரணமும் சொன்னது. தோலுக்குப் பதிலாக வந்த ‘ஃபைன்வோவன்’ உறை எளிதில் கீறல் விழுந்து அழுக்கேறுவதாக வாங்கியவர்கள் குறைகூறினார்கள். அடுத்த ஆண்டு வந்த ஐபோனுக்கு அந்த உறையே இல்லை. ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று தோலை நம்பி வாழும் ஊர்களிலிருந்து பார்த்தால், அந்த அறிவிப்பில் விடுபட்டது எது என்று உடனே தெரியும். நல்ல தோல் உறை பல ஆண்டுகள் உழைக்கும். உறைக்குள் இருக்கும் கைபேசிதான் பேட்டரி தளர்ந்த மூன்றாவது, நான்காவது ஆண்டிலேயே பெரும்பாலும் கைவிடப்படுகிறது. உழைக்கிற பொருளை நீக்கிவிட்டு, உழைக்காத பொருளை அப்படியே விடுவதைச் சுற்றுச்சூழல் அக்கறை என்று ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் வேலை செய்பவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. ஷூவின் மேல்பாகமான அப்பரின் அடியில் பசை தடவி, சூடுகாட்டி, சோலை அழுத்தி ஒட்டுவது ஒரு முறை. விலை குறைவு, எடை குறைவு, வேலையும் சீக்கிரம் முடியும். குட்இயர் வெல்ட் என்பது வேறு. அப்பரையும் உள்சோலையும் சுற்றி ஒரு வாரைத் தைத்து, வெளிச்சோலை அந்த வாரோடு தனியாகத் தைப்பார்கள். சோல் தேய்ந்தால் வெளித்தையலை மட்டும் பிரித்துப் புதுச் சோல் போடலாம். அப்பருக்கு ஒன்றும் ஆகாது. ஒட்டிய ஷூ மட்டம் என்று நான் சொல்லவில்லை. அதன் விலையும் ஆயுளும் ஒன்றுக்கொன்று பொருந்தித்தான் இருக்கின்றன. கைபேசியில் அந்தப் பொருத்தம் இல்லை. பத்தாயிரம் ரூபாய்க் கைபேசியும் லட்ச ரூபாய்க் கைபேசியும் ஒன்றுபோலப் பசையால் மூடப்பட்டிருக்கின்றன. கூடுதலாகக் காசு கொடுத்து, தைத்த ஷூ போன்ற கைபேசி வாங்க நினைப்பவருக்குக் கடையில் அப்படி ஒன்று கிடைப்பதே அரிது.

முன்பு இப்படி இல்லை. நோக்கியா ஸ்ரீபெரும்புதூரில் ஆலை நடத்திவந்த காலம், 2007 ஆகஸ்ட். மட்சுஷிடா நிறுவனம் செய்துகொடுத்த பிஎல்-5சி பேட்டரிகளில் 4.6 கோடி, சார்ஜ் ஏறும்போது அளவுக்கு மீறிச் சூடாகலாம் என்று நோக்கியா எச்சரித்தது. நாடு முழுக்கப் பதற்றம். ஆனால் தீர்வு எளிமையாக இருந்தது: பின்மூடியைக் கழற்றி, பேட்டரியில் அச்சிட்ட எண்ணைச் சரிபார்த்து, பழுதானதைக் கொடுத்துவிட்டு வேறொன்று வாங்கிக்கொள்ளலாம். கைபேசி அவரவர் கையிலேயே இருந்தது. 2016இல் சாம்சங் நோட் 7 தீப்பிடித்தபோதும் குற்றவாளி பேட்டரிதான். அதைக் கழற்ற வழியில்லாததால் முதல் சுற்றிலேயே 25 லட்சம் கைபேசிகளை முழுதாகத் திரும்பக் கேட்க வேண்டியதாயிற்று. மாற்றித் தந்தவையும் எரிய, அக்டோபரில் அந்த மாடலுக்கே மூடுவிழா.

தண்ணீர் புகாமல் இருக்கத்தான் மூடினோம், மெல்லியதாக வேண்டும் என்று மக்களே கேட்டார்கள் என்று நிறுவனங்கள் சொல்வதுண்டு. மெல்லிய கைபேசியை மக்கள் விரும்புவது உண்மைதான். மழையில் பைக்கில் போகிறவருக்குத் தண்ணீர் புகாத கைபேசி பெரிய வசதி. ஆனால் 2014இல் வந்த சாம்சங் கேலக்ஸி எஸ்5 தண்ணீரையும் தாங்கியது. நகத்தால் நெம்பினால் பின்மூடி திறந்து பேட்டரியும் வெளியே வந்தது. இரண்டையும் சேர்த்துத் தர முடியும் என்று காட்டிய நிறுவனமே அடுத்த ஆண்டு எஸ்6இல் அதைக் கைவிட்டது. “இதை மாத்துற காசுக்குப் புதுசே வாங்கிடலாம்” என்று கடைத்தெருவில் கேட்கும் பேச்சை மக்களின் விருப்பம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வேறு வழி அடைபட்ட பிறகு போடுகிற கணக்கு அது.

பசையைக்கூட ஹீட் கன் வைத்து இளக்கிவிடலாம். மென்பொருள் போடும் முடிச்சை அவிழ்ப்பதுதான் கடினம். சில கைபேசிகளில் நல்ல பேட்டரியையோ டிஸ்ப்ளேயையோ மாற்றினாலும், அந்தப் பாகத்தின் எண் போர்டில் பதிந்த எண்ணோடு ஒத்துப்போகாவிட்டால் ‘அறியாத பாகம்’ என்று திரையில் எச்சரிக்கை வரும். ஓரிரு வசதிகளும் நின்றுபோகலாம். அமெரிக்காவின் ஒரெகான் மாநிலம் 2024இல் இதற்கு எதிராகச் சட்டமே போட்டது. மென்பொருள் முடிச்சு பழுதுநீக்கத்தோடு நிற்கவில்லை. கடனில் வாங்கிய கைபேசியை, தவணை தவறினால் தொலைவிலிருந்தே பூட்டிவிடக் கடன் நிறுவனங்களை அனுமதிக்கலாமா என்பது 2025இல் நம் ரிசர்வ் வங்கியின் பரிசீலனைக்கு வந்தது. சம்பளம், ரேஷன், கம்பெனிக் குழுவின் தகவல் எல்லாம் ஒரே கைபேசியில் வரும் ஷூ தொழிலாளிக்கு அந்தப் பூட்டு என்ன செய்யும் என்பதை யோசிக்காமல் அப்படி ஒரு அனுமதியைத் தரக் கூடாது.

மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பர் 24 அன்று பழுதுநீக்கும் உரிமைக்கான இணையதளத்தைத் தொடங்கியது. அந்தத் துறை அமைத்த குழு, ஒவ்வொரு கைபேசிக்கும் பழுதுநீக்க மதிப்பெண் வேண்டும் என்று 2025 மே மாதம் அறிக்கை தந்தது. எத்தனை படிகளில் பிரிக்கலாம், எந்த வகைத் திருகு, உதிரிபாகம் எவ்வளவு நாளில் கிடைக்கும், மென்பொருள் புதுப்பிப்பு எத்தனை ஆண்டு என்றெல்லாம் பார்த்து மதிப்பெண் வரும். பசையா, திருகா என்ற கேள்வி அரசு ஆவணத்தில் ஏறியதே முன்னேற்றம்தான். ஆனால் மதிப்பெண்ணை நிறுவனமே தனக்குப் போட்டுக்கொள்ளும் என்பதுதான் யோசனை. பரீட்சை எழுதியவரே திருத்தலாமா? ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் 20 முதல், விற்பனை நின்ற பிறகும் ஏழு ஆண்டுகள் முக்கிய உதிரிபாகங்கள் கிடைக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியிருக்கிறது. அதே நிறுவனங்கள்தான் நமக்கும் விற்கின்றன.

இந்த விவாதத்தில் வேலூருக்கு ஒரு தனி உரிமை உண்டு. தோல் கழிவால் பாலாறு கெட்டதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று, மாசுபடுத்தியவரே ஈடு செலுத்த வேண்டும் என்ற கோட்பாடு இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரி 30 அன்றும் இதே ஆற்றுக்காக, பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு தந்து அதை மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்க அது உத்தரவிட வேண்டியிருந்தது. கழிவு வெளியேறிய பிறகு கணக்குக் கேட்டால் எவ்வளவு தாமதமாகும் என்பதற்கு அந்த இருபத்தெட்டு ஆண்டுகளே சாட்சி. 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மின்கழிவு விதிகளும் அதே தாமதத்தில்தான் நிற்கின்றன. முன்பு விற்ற எடையில் இத்தனை விழுக்காடு மறுசுழற்சி ஆக வேண்டும் என்பதே அவற்றின் முதன்மை இலக்கு. முதல் இரண்டு ஆண்டுகளுக்கு 60 விழுக்காடு. ஒரு கைபேசி எட்டு ஆண்டு உழைத்தாலும் மூன்றே ஆண்டில் உடைபட்டாலும், எடைக் கணக்குக்கு இரண்டும் ஒன்றே. வடிவமைக்கும் மேசையிலேயே குப்பையைத் தீர்மானிப்பவரிடம் அங்கேயே ஈடு கேட்க வேண்டும். திறக்க முடியாத பொருளுக்குக் கூடுதல் கட்டணம், திறக்கக்கூடியதற்குச் சலுகை என்று விதி மாற வேண்டும்.

தமிழ்நாடு அரசு அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் தருவதாக 2025-26 பட்ஜெட்டில் அறிவித்த அரசு, இந்தச் சந்தையின் மிகப் பெரிய வாடிக்கையாளர்களில் ஒன்று. பேட்டரியைச் சாதாரணத் திருப்புளியால் மாற்ற முடிய வேண்டும், உதிரிபாகம் ஏழு ஆண்டுகள் கிடைக்க வேண்டும், பழுதுநீக்கும் கையேடு தமிழில் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும். இந்த மூன்று நிபந்தனைகளையும் இனி வெளியிடும் ஒவ்வொரு டெண்டரிலும் அரசு சேர்க்கட்டும்.