இரவல் விதிமுறை இணையக் கடையைக் காப்பாற்றுமா?

கோலாலம்பூர் - பிரிக்பீல்ட்ஸ் லிட்டில் இந்தியாவிலும் கிள்ளான் ஜாலான் தெங்கு கெலானாவிலும் சேலை, நகை, பலகாரம் விற்கும் நம்மவர் பலர் இன்று இணையத்திலும் கடை விரித்துள்ளனர். படங்களுக்கும் விலைப்பட்டியலுக்கும் காட்டும் அக்கறையை விதிமுறைகளுக்கும் தனியுரிமை அறிக்கைக்கும் எல்லாரும் காட்டுவதில்லை. வேறொரு தளத்தில் உள்ளதை நகலெடுத்துக் கடைப் பெயரை மட்டும் மாற்றுவது எளிது. ஆனால், 'வழக்குகள் சென்னை நீதிமன்றத்திற்கு உட்பட்டவை' என்ற வரி கிள்ளான் கடைக்கு எப்படிப் பொருந்தும்?

2010-ஆம் ஆண்டு தனிநபர் தரவு பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பர் 15 முதல் அமலில் உள்ளது. வாடிக்கையாளரின் பெயர், தொலைபேசி எண், முகவரி ஆகியவற்றைப் பெறும் வணிகர், அவை எதற்காக, யாரிடம் பகிரப்படும், திருத்த யாரை அணுகுவது என எழுத்துப்பூர்வமாக அறிவிக்க வேண்டும். அந்த அறிவிப்பு தேசிய மொழி, ஆங்கிலம் இரண்டிலும் இருக்க வேண்டும் என்கிறது 7-ஆவது பிரிவு. ஆங்கிலத்தில் மட்டும் நகலெடுத்துப் போட்டவர் முதல் படியிலேயே சறுக்குகிறார். வாட்ஸ்அப் வழி ஆர்டர் எடுப்பவருக்கும் இதே கடமைதான்.

தண்டனையும் கூடியுள்ளது. 2024-இல் திருத்தப்பட்ட சட்டத்தின்படி, தரவு பாதுகாப்புக் கோட்பாடுகளை மீறுவோருக்கான உச்ச அபராதம் 2025 ஏப்ரல் 1 முதல் 3 லட்சம் ரிங்கிட்டிலிருந்து 10 லட்சம் ரிங்கிட்டாகவும், சிறைத் தண்டனை 2 ஆண்டுகளிலிருந்து 3 ஆண்டுகளாகவும் உயர்ந்தது. பெரும் பாதிப்பை ஏற்படுத்தக்கூடிய தரவுக் கசிவை 72 மணி நேரத்திற்குள் ஆணையருக்குத் தெரிவிக்கும் கடமையும் அதே ஆண்டு ஜூன் 1-இல் நடப்புக்கு வந்தது.

'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்ற வரியும் கவசமல்ல. 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தரும் உரிமைகளை எந்த ஒப்பந்தமும் பறிக்க முடியாது. கிழிந்த சேலை வந்து சேர்ந்தால், தோட்டத்தில் இருக்கும் வாடிக்கையாளரும் 5 ரிங்கிட் கட்டணத்தில், வழக்கறிஞர் இன்றியே, பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 ரிங்கிட் வரை கோரலாம்.

அப்படியானால் என்ன எழுதுவது? கடையில் உண்மையில் நடப்பதை எழுதுவதுதான். வணிகத்தின் பெயர், பதிவு எண், தொடர்பு விவரம், அனுப்பும் செலவு சேர்த்த முழு விலை, பணம் செலுத்தும் முறை, பொருள் வந்து சேரும் காலம் ஆகியவற்றை மின்வணிக விதிமுறைகள் கேட்கின்றன. கூரியர் நிறுவனத்திற்கு முகவரி போகிறது என்றால் அதையும் சொல்ல வேண்டும். தேவையில்லாமல் அடையாள அட்டை நகல் வாங்கும் பழக்கம் இருந்தால் அதை நிறுத்திவிடுவது நல்லது. வாங்காத தரவு கசியாது.

இந்த வரைவைக் கடைக்காரரே தயாரித்து, பிறகு வழக்கறிஞரிடம் சரிபார்க்கக் கொடுத்தால் செலவும் குறையும். தமிழில் எழுதும்படி சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ஆயினும் தமிழில் விளம்பரம் செய்து விற்பவர், பணம் திரும்பக் கிடைக்கும் வழியையும் தமிழில் சொல்வதே முறை.