கடமைக்கு மேல் செய்தவரும் கடமையே செய்யாதவரும்

உத்தியோகத்தர் தம் கடமைக்கு மேல் ஒரு துரும்பையும் அசைப்பதில்லை என்று ஆள்வோர் அடிக்கடி குறைகூறுகின்றனர். பரிகாரமும் அவர்களே சொல்கின்றனர்: கொடுப்பனவைக் கூட்டுவது, அல்லது ஒழுக்காற்று விசாரணை என்று மிரட்டுவது. ஆசையும் அச்சமுமே மனிதனை இயக்கும் என்பது அவர்தம் சித்தாந்தம். இதை நாம் மறுக்கின்றோம்.

உழைப்புக்கேற்ற ஊதியம் உரிமை, அதில் விவாதமில்லை. ஆனால் ஊதியம் வாங்கித் தருவது ஒப்பந்தத்தில் எழுதிய வேலையை மட்டுமே. எழுதாத வேலை எவ்வளவு பெரிது என்பதைத் தொழிற்சங்கங்கள் 'சட்டப்படி வேலை'யில் இறங்கும் நாளில் நாடே காண்கிறது. விதியில் உள்ளதை மட்டும் பிசகாமல் செய்தாலே கந்தோர்கள் முடங்குகின்றன! அவ்வேலையைச் செய்விப்பது எது?

வந்தாறுமூலை பதில் சொல்லும். 1981இல் அங்கு தோன்றிய பல்கலைக்கழகக் கல்லூரி 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது சுற்றுக் கிராமத்து மக்கள் ஆயிரக்கணக்கில் அவ்வளாகத்தில் தஞ்சம் புகுந்தனர். பாடஞ் சொல்ல நியமனம் பெற்றவர்கள் அகதி முகாமை நடத்தினர். எந்தச் சுற்றுநிருபம் அதற்குக் கட்டளையிட்டது? எந்தக் கொடுப்பனவு அவர்களை அங்கே நிறுத்தியது? வந்தவர் தம் மக்கள், வளாகமும் தம்முடையது. அந்த உரிமையுணர்வே நிறுத்தியது. கமக்காரருக்கு இது புதிதன்று. விளைவில் பங்குள்ளவன் நள்ளிரவிலும் எழுந்து உடைந்த வரம்பைக் கட்டுவான். பங்கு மறுக்கப்பட்டவனிடம் அதை எதிர்பார்ப்பது நியாயமா?

அவ்வாண்டு செப்டெம்பர் 5ஆம் நாள் இராணுவத்தினர் அம்முகாமிலிருந்து 158 பேரைக் கொண்டுசென்றனர். கொண்டுசெல்லப்பட்டோர் திரும்பவில்லை. ஓய்வுபெற்ற நீதிபதி பாலகிட்ணர் தலைமையிலான ஆணைக்குழு விசாரித்து 1997இல் அறிக்கை கையளித்தது. தண்டனை பெற்றவர் எவர்? ஒருவருமில்லை!

பிறர் சுமக்கவேண்டிய கடமையைத் தாமே சுமந்தவர் ஒருபுறம். குடிகளின் உயிர்காக்கும் முதற்கடமையையே கைவிட்ட அரசு மறுபுறம். இந்த அரசா உத்தியோகத்தர்க்குக் கடமையுணர்ச்சி போதிப்பது? வெட்கம்!

2017இல் பதவிக்காலம் முடிந்த கிழக்கு மாகாண சபைக்குத் தேர்தல் நடத்தாது ஆண்டுகளைக் கடத்தியவர்களும் இவர்களே. மக்களுக்குப் பொறுப்புச் சொல்லாத நிர்வாகத்தைத் தமதென்று எந்த உத்தியோகத்தன் கருதுவான்?

ஆள்வோருக்கு நாம் சொல்வது இதுவே: முதலில் 158 குடும்பங்களுக்குப் பதில் சொல்லுங்கள். நிர்வாகத்தை அதற்குரிய மக்களிடம் ஒப்படையுங்கள். அதன்பின் எம் உத்தியோகத்தர் கடமைக்கு மேல் செய்வாரா என்று கேளுங்கள். கேட்கவேண்டிய அவசியமே இராது.