துறைமுகக் காவலும் கரிசற் சீமையும்

ஊருக்கு வேலி எவ்வளவு இன்றியமையாததோ, நாட்டிற்கு அதன் எல்லையில் நிற்கும் சுகாதாரக் காவலும் அவ்வளவு இன்றியமையாததாகும். இதனை மறுப்பார் அரியர். ஆயினும் நம் பக்கத்து ஜனங்கள் இக்காவலைப்பற்றிப் பேசுங்கால், அதனைத் தங்கள் வற்றல் மூட்டையைத் திருப்பியனுப்பும் ஒரு தொல்லையென்றே எண்ணுகின்றனர். கற்றோரும் அவ்வெண்ணத்தைத் திருத்த முயல்வதில்லை. விளாத்திகுளம், கோவில்பட்டி, எட்டையபுரம் முதலிய கரிசற் பகுதிகளின் பிழைப்போடு பிணைந்துகிடக்கும் இவ்விஷயத்தைக் குறித்து யாம் கருதுவதை ஈண்டுக் கூற விழைகின்றோம்.

நோயுற்றதைப் பிரித்துவைத்தல் புதிய கொள்கையன்று. மோசேயின் ஆகமங்களிலே, ஐயத்திற்குரிய நோய் கண்டவனை ஏழுநாள் அடைத்துவைத்துப் பார்க்கும் முறை விதிக்கப்பட்டுள்ளது. 1377 ஆம் ஆண்டில் அத்திரியாத்திக் கடற்கரையிலுள்ள ரகூசா நகரத்தார், கொள்ளைநோய் பரவிய இடங்களிலிருந்து வருவோரை முப்பது நாள் வெளியே நிறுத்தினர். அது பின்னர் நாற்பது நாளாயிற்று. நாற்பது என்னும் பொருளுடைய இத்தாலியச் சொல்லினின்றே குவாரண்டைன் என்னும் பெயர் பிறந்தது. நம் மந்தைக்காரர்களும் இதனை அறியாதவரல்லர். அயலூரில் ஆடுமாடுகளுக்கு நோய் கண்டதென்று கேட்டால், அவ்வூர் ஆட்டைத் தங்கள் கிடையில் சேர்க்க எந்த மந்தைக்காரன் துணிவான்? ஊரளவில் அவன் செய்வதனையே நாட்டளவில் அரசாங்கம் துறைமுகத்திற் செய்கின்றது.

நம் நாட்டு மாடுகளே இக்காவலின் சரித்திரத்தில் முக்கிய இடம் பெற்றுள்ளன என்பதைப் பலர் அறியார். வெக்கை நோய் என்று நம் முன்னோர் அஞ்சிய மாட்டுக் கொள்ளைநோய், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆப்பிரிக்காவின் செங்கடற்கரையில் இறங்கியது. இத்தாலியப் படையினருக்காக இந்தியாவிலிருந்து கொண்டுசென்ற மாடுகளே அதனைச் சுமந்து சென்றன என்று வரலாற்றாசிரியர் பலர் கூறுவர். எத்தியோப்பிய நாட்டில் மாடுகளின் பெரும்பகுதி மாண்டது. ஏர் பூட்ட மாடின்றி நிலம் தரிசாகக் கிடந்தது. பஞ்சம் மக்களை வாரிக்கொண்டது. பத்தாண்டுக்குள் அந்நோய் தென்கோடியிலுள்ள நன்னம்பிக்கை முனை வரையில் பரவிவிட்டது.

பின்னர் 1920 ஆம் ஆண்டில், இந்தியாவிலிருந்து பிரேசில் தேசத்திற்கு அனுப்பப்பட்ட திமில் மாடுகள் பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் இறக்கப்பட்டபோது, அந்நோய் மீண்டும் ஐரோப்பாவிற் புகுந்தது. அவ்வதிர்ச்சியின் பயனாகவே 1924 ஆம் ஆண்டு ஜனவரி 25 ஆம் நாள் 28 தேசங்கள் பாரிஸ் நகரிற் கையொப்பமிட்டு, விலங்கு நோய்களைக் குறித்து ஒன்றற்கொன்று செய்தி அறிவிக்கும் சர்வதேச ஸ்தாபனத்தை ஏற்படுத்தின. ஒரு நாட்டில் நோய் கண்டால் அதனை மறைக்காது பிறநாடுகளுக்கு உரைத்தல் கடமையென்னும் நீதி அன்று தொட்டு எழுத்திலேறிற்று.

இவையெல்லாம் தொலைவிடத்துச் செய்திகளென்று ஒதுக்குவார்க்கு, அண்டையில் நிகழ்ந்த ஒன்றை எடுத்துக்காட்டுவோம். 1987 ஆம் ஆண்டில் இந்திய அமைதிப்படை இலங்கைக்குச் சென்றபோது, வீரர்களின் உணவுக்காக ஆடுகளும் கப்பலேற்றப்பட்டன. அவ்வாடுகளோடு வெக்கை நோயும் கடல் கடந்தது. பல்லாண்டுகளாக அந்நோயின்றி இருந்த தீவில், ஆட்டின் உடலில் மறைந்து சென்ற கிருமி மாட்டையும் எருமையையும் தாக்கி வீழ்த்திற்று. யுத்தத்தால் ஏற்கெனவே நொந்திருந்த குடியானவன், தன் தொழுவத்தில் எஞ்சியிருந்ததையும் இழந்தான். பகைவர் எவரும் இதனைச் செய்யவில்லை. எவரும் எண்ணிச் செய்ததுமன்று. அவசரத்தின் பெயரால் ஒரு சோதனை விடப்பட்டது, அவ்வளவே. அவசரமே சோதனைக்கு மிகவும் வேண்டிய காலமென்பதை இந்நிகழ்ச்சி என்றும் நினைவூட்டவேண்டும்.

அதே 1987 ஆம் ஆண்டில்தான், அதுவரையில் இந்தியாவில் அறியப்படாத ஆட்டுக்கொல்லி நோய் முதன்முதலாகத் தமிழ்நாட்டில், விழுப்புரத்தையடுத்த அரசூரிற் கண்டறியப்பட்டது. 1942 ஆம் ஆண்டில் மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட் நாட்டில் முதன்முதலாக விவரிக்கப்பட்ட நோய் அது. இந்நாட்டிற்குள் அது எவ்வழியாக நுழைந்திருப்பினும், நுழைந்தபின் நாடெங்கும் பரவ அதற்கு நெடுங்காலம் வேண்டியிருக்கவில்லை. நம் விளாத்திகுளம் தாலூகாவிலுள்ள வேம்பூரின் பெயரால் வழங்கும் செம்மறியாட்டினம், வெண்ணிற மேனியிற் செந்நிறப் புள்ளிகளோடு, மழை குறைந்த மேய்ச்சலிலும் தாக்குப்பிடிக்கும் பெருமையுடையது. எட்டையபுரத்துச் சனிக்கிழமைச் சந்தையில் ஓராட்டின் விலையை நம்பியே ஒரு குடும்பத்தின் கலியாணமும் பிள்ளையின் பள்ளிச் சம்பளமும் நடக்கின்றன. இத்தகைய ஆடுகளை ஒரே வாரத்தில் ஒரு நோய் வாரிக்கொண்டு போகுமாயின், துறைமுகத்துக் காவல் யாருக்காக என்னும் வினாவிற்கு வேறு விடை வேண்டுமோ?

உணவும் தீவனமும் நோய் சுமக்குமென்பதற்கும் சான்று உண்டு. 1960 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஓரிலக்கத்திற்கு மேற்பட்ட வான்கோழிகள் காரணம் விளங்காது மடிந்தன. ஆராய்ந்தபோது, பிரேசிலிலிருந்து வந்த நிலக்கடலைப் பிண்ணாக்கில் வளர்ந்த ஒரு பூஞ்சணமே அதற்குக் காரணமென்று புலப்பட்டது. அப்பூஞ்சணம் உண்டாக்கும் நஞ்சிற்கு அஃப்ளாடாக்சின் என்று பெயர். கண்ணுக்குத் தெரியாது, நாவிற்குச் சுவையில்லை, காய்ச்சினாலும் எளிதில் அழியாது. நெடுநாள் உண்டவர்க்கு ஈரலைக் கெடுத்துப் புற்றுநோயையும் வருவிக்கும். இதனை அறிந்த பின்னரே உலக நாடுகள் தானியம், கடலை, மிளகாய் முதலியவற்றைத் துறைமுகத்திற் பரிசோதிக்கும் வழக்கம் உறுதிப்பட்டது.

இங்கேதான் நம் வற்றல் களத்திற்கும் ஐரோப்பியத் துறைமுகத்திற்கும் தொடர்பு ஏற்படுகின்றது. வடகிழக்குப் பருவமழையை நம்பி விதைத்துத் தை மாசியிற் பறிக்கும் மிளகாயை நம் விவசாயி எங்கே உலர்த்துகிறான்? மண்தரையிலும் தார்ச்சாலை ஓரத்திலும் பரப்புகிறான். இரவுப் பனி அதன்மேல் இறங்குகின்றது. சிலவேளை பருவந்தப்பிய தூற்றலும் விழுகின்றது. எடை கூடவேண்டுமென்று நீர் தெளிக்கும் தரகர்களும் உளர். ஈரமுள்ள வற்றலைச் சாக்கில் அடைத்தால் பூஞ்சணம் வளரும். ஐரோப்பியச் சட்டமோ, ஒரு கிலோ மிளகாயில் இந்நஞ்சு 10 மைக்ரோகிராமுக்கு மேற்படலாகாதென்கின்றது. அதாவது நூறு கோடிப் பங்கிற் பத்துப் பங்கு. அளவு மீறின் சரக்கு திரும்பும். அல்லது அங்கேயே அழிக்கப்படும்.

சாயத்தின் கதை இதனினும் வருந்தத்தக்கது. மெழுகிற்கும் எண்ணெய்க்கும் நிறமூட்டும் சூடான் என்னும் சாயத்தை மிளகாய்ப் பொடியிற் கலந்த கொடுமை 2003 ஆம் ஆண்டில் பிரான்சு தேசத்தில் வெளிப்பட்டது. அப்பொடி இந்தியாவிலிருந்து சென்றது. அவ்வாண்டே ஐரோப்பிய நாடுகள், சான்றிதழின்றி மிளகாய்ப் பொருள்களை ஏற்பதில்லையென்று ஆணை பிறப்பித்தன. 2005 ஆம் ஆண்டு பிப்ரவரியில் இங்கிலாந்துக் கடைகளிலிருந்து நூற்றுக்கணக்கான உணவுப் பண்டங்கள் திரும்பப் பெறப்பட்டன. களத்தில் வெயிலில் நின்றவன் சாயத்தைக் கண்டவனுமல்லன். ஆனால் பொடி வியாபாரி சிலரின் பேராசையால் வந்த ஐயம், வற்றல் விற்கும் ஒவ்வொரு விவசாயியின் மூட்டைமீதும் படிந்தது. குற்றம் சிலருடையது, தண்டனை பலருக்கு. இதனாலேயே, களவைக் களவு நிகழும் இடத்தில் பிடிக்கவேண்டுமென்றும், கடலுக்கு அப்பால் பிடிபடும்வரை காத்திருத்தல் ஏழைக்கு இழைக்கும் அநீதியென்றும் யாம் வற்புறுத்துகின்றோம்.

நிற்க. இக்காவலுக்கு எதிராகச் சொல்லப்படும் நியாயங்களையும் நேர்மையோடு ஆராய்தல் வேண்டும்.

முதலாவது, செல்வ நாடுகள் சுகாதாரத்தின் பெயரால் ஏழை நாட்டுச் சரக்கைத் தடுக்கின்றன என்பது. இதில் உண்மை இல்லாமலில்லை. அது கருதியே 1995 ஆம் ஆண்டு முதல் உலக வர்த்தக ஸ்தாபனத்தின் உடன்படிக்கை ஒன்று, இத்தகைய தடைகள் விஞ்ஞான ஆதாரத்தின்மேல் நிற்கவேண்டுமென்று விதித்துள்ளது. ஆனால் அவ்வுடன்படிக்கையின்கீழ் குற்றவாளிக் கூண்டில் நாமும் நின்றிருக்கின்றோம். பறவைக் காய்ச்சலைக் காரணங்காட்டி அமெரிக்கக் கோழியையும் முட்டையையும் இந்தியா தடுத்தது போதிய விஞ்ஞான ஆதாரமற்றதென்று 2015 ஆம் ஆண்டில் மேல்முறையீட்டிலும் தீர்ப்பாயிற்று. ஆகவே, பிறர் நம்மை எந்த அளவுகோலால் அளக்கவேண்டுமென்று கேட்கின்றோமோ, அதே கோலால் நாமும் பிறரை அளத்தலே முறை.

இரண்டாவது, பூச்சிக்கும் கிருமிக்கும் எல்லைக்கல் தெரியுமோ என்பது. 2016 ஆம் ஆண்டில் ஆப்பிரிக்காவிற் காணப்பட்ட அமெரிக்கப் படைப்புழு, 2018 ஆம் ஆண்டு மே மாதத்தில் கர்நாடகத்துச் சிவமொக்காவிற் கண்டறியப்பட்டு, அவ்வாண்டுப் பருவத்திலேயே நம் மானாவாரி மக்காச்சோளத்தையும் அரித்துத் தின்றது. கோழித் தீவனமாகப் போகவேண்டிய கதிர் குருத்திலேயே அழிந்தது. அதன் அந்துப்பூச்சி ஓரிரவிற் பல காதம் பறக்கவல்லது. அதனைத் தூத்துக்குடிச் சுங்கச்சாவடி தடுக்கமாட்டாது. இதனை ஒப்புகின்றோம். எனினும், திருடன் கூரைமேல் ஏறி வரக்கூடும் என்பதற்காக யாரும் வாயிற்கதவைத் திறந்துவைத்து உறங்குவதில்லை. மேலும், முன்னறிந்த நாடு மருந்தையும் அறிவையும் ஆயத்தமாக வைத்திருக்கும். அறியாத நாடு அழுதபின் தேடும்.

மூன்றாவது, காவலென்பது எளியோரை இழிவுபடுத்தும் கருவியாகின்றது என்பது. இதுவே நம் உள்ளத்தைத் தைக்கும் நியாயம். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற நம் மக்களை முன்னாளில் தூத்துக்குடிக்கு அருகிலுள்ள தட்டப்பாறையிலும், பின்னர் மண்டபத்திலும் முகாம்களில் நிறுத்திவைத்தே கப்பலேற்றினர். நோய் தடுக்கப்பட்டது உண்மை. ஆனால் மனிதரை மந்தைபோல் நடத்திய கசப்பும் உண்மை. காவல் வேண்டும், அது இகழ்ச்சியாகலாகாது. திருப்பியனுப்பப்படும் மூட்டைக்குரியவனுக்குக் காரணத்தை அவன் மொழியிற் சொல்லுதலும், மறுசோதனை கேட்க அவனுக்கு வழியிருத்தலும் அக்காவலின் பகுதியாதல் வேண்டும்.

இனிச் செய்யத்தக்கது யாது? நம் நாட்டிற் சட்டத்திற்குக் குறைவில்லை. கால்நடை இறக்குமதிச் சட்டம் 1898 ஆம் ஆண்டிலும், பயிரழிக்கும் பூச்சிகளைக் குறித்த சட்டம் 1914 ஆம் ஆண்டிலும், உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006 ஆம் ஆண்டிலும் இயற்றப்பட்டன. தூத்துக்குடியிலேயே பயிர்த் தொற்றுத்தடை நிலையமும் நறுமணப் பொருள் வாரியத்தின் ஆய்வுக்கூடமும் இருக்கின்றன. குறை யாதெனில், ஆய்வுக்கூடம் கடற்கரையில் நிற்கின்றது. நோய் களத்திற் பிறக்கின்றது. இரண்டிற்கும் இடையே பாலமில்லை.

ஆதலால், மிளகாய் விளையும் ஒவ்வோர் ஊரிலும் பொது உலர்களம் ஒன்று சிமெண்டுத் தளத்தோடு அமைத்தல் வேண்டும். தார்ப்பாய் வாங்க வசதியற்றவனுக்கு அதனை அரசாங்கம் உதவவேண்டும். ஈரம் அளக்கும் கருவி ஒன்றேனும் விளாத்திகுளம் சந்தையில் விவசாயியின் கண்முன் இருத்தல் வேண்டும். நன்கு உலர்ந்த வற்றலுக்குக் கூடுதல் விலை கிடைக்குமென்று கண்டால், நீர் தெளிக்கும் வழக்கம் தானே ஒழியும். ஆட்டுக்கொல்லி நோயை 2030 ஆம் ஆண்டிற்குள் உலகினின்று ஒழிப்பதென்று நாடுகள் உறுதிபூண்டுள்ளன. அதற்கான தடுப்பூசி எளிய ஆட்டுக்காரனின் கிடை வரையிற் செல்லவேண்டும். சந்தைக்கு வரும் ஆட்டை நுழைவாயிலிற் பார்க்க ஒரு கால்நடை மருத்துவர் நிற்றல் பெருஞ்செலவன்று.

இயலாதென்று சோர்வார்க்கு ஒன்று சொல்வோம். ஆயிரமாண்டுகள் உலகை நடுக்கிய வெக்கை நோய், இந்தியாவில் 1995 ஆம் ஆண்டோடு அடங்கி, 2011 ஆம் ஆண்டில் உலகினின்றே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. பெரியம்மைக்குப்பின் மனிதன் முற்றிலும் வென்ற நோய் அதுவொன்றே. ஊசியும், காவலும், நோயை மறைக்காத நேர்மையும் ஒன்றுசேர்ந்தே அவ்வெற்றியை ஈட்டின. இம்மூன்றில் இறுதியிற் சொன்னதே அரிதிற் கிட்டுவது.

இப்பத்திரிகையைப் படிக்கும் மாணவருட் பலர் வைப்பாற்றங்கரையிலும் கரிசற் காட்டிலும் பிறந்தவர்கள். இரசாயனமும் உயிரியலும் கற்கும் அவர்கள், விடுமுறையில் ஊர் செல்லுங்கால், வற்றல் ஏன் திரும்புகிறதென்பதைத் தம் தந்தையர்க்கு விளங்கவுரைப்பராயின், கல்லூரிக் கல்விக்கு அதனினும் சிறந்த பயன் ஒன்றில்லை. அயல்நாட்டான் தின்னும் மிளகாயில் நஞ்சிருத்தல் ஆகாதென்றால், நம் வீட்டுக் குழம்பிலும் அது இருத்தலாகாது. கடல் கடந்து போவதற்கொரு சுத்தம், களத்திலே தங்குவதற்கொரு சுத்தம் என்னும் இரட்டை அளவு ஒழியும் நாளே துறைமுகக் காவலின் வேலை பாதியாகக் குறையும் நாளாகும்.